தொடாதே என்று எழுதியிருந்தேன்

அன்றைக்கு டெர்மினலில், அதாவது கமாண்டுகளை அடிக்கும் திரையில், வந்த பதில் மூன்றே வரிகள். ஹாஷ் (#) என்ற பெயரில் ஃபைலும் இல்லை, ஃபோல்டரும் இல்லை என்றது முதல் வரி. ‘ஃபோல்டரை’ என்ற பெயரில் எதுவும் இல்லை என்றது இரண்டாவது. ‘தொடாதே’ என்ற பெயரில் எதுவும் இல்லை என்றது மூன்றாவது. நான் அடித்த கமாண்டில் எத்தனை பெயர்கள் இருந்தன என்று விரல் விட்டு எண்ணினேன். ஐந்து. மூன்றுக்கு எர்ரர் வந்துவிட்டது. நான்காவது டெம்ப், அதை நீக்கத்தான் கமாண்டையே அடித்தேன். மிச்சம் இருந்த ஒன்று டேட்டா.

எர்ரர் வராத பெயர்தான் அழிந்துபோன பெயர் என்று விளங்க அரை நிமிடம் ஆகியிருக்கும். ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். டேட்டா இல்லை.

இது நடந்தது 2020இல். கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்போது ஒரு நூற்பாலையின் பழைய சரக்குக் கணக்கைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பழைய கணக்கில் ஒரே நூலுக்கு நாலு பெயர் இருக்கும். ‘40 கோம்டு’ என்று ஒருவர் எழுதியிருப்பார், ‘கோம்ட் 40’ என்று இன்னொருவர், வெறும் ‘40 சி’ என்று வேறொருவர். மெஷினால் பிரிக்க முடியாததையெல்லாம் நானே உட்கார்ந்து, ஆலையில் இருந்த கணக்கரிடம் போனில் கேட்டுக் கேட்டுத் திருத்தி, சிஎஸ்வி ஃபைல்களாக டேட்டா ஃபோல்டரில் வைத்திருந்தேன். நடுவில் உருவாகும் குப்பை எல்லாம் டெம்ப் ஃபோல்டரில் சேரும். அது நிறைந்துவிட்டால் என் குறிப்பு ஃபைலிலிருந்து ஒரு வரியை எடுத்து ஒட்டி என்டர் அடிப்பேன். நீக்கும் கமாண்டான ஆர்எம், சிறிய ஆர் ஆப்ஷன், டெம்ப், அப்புறம் ஒரு ஹாஷ், அதற்குப் பின்னால் ‘டேட்டா ஃபோல்டரை தொடாதே’. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து எனக்கு நானே எழுதிவைத்த எச்சரிக்கை அது.

பழைய லினக்ஸ் லேப்டாப்பில் அந்த வரியை எத்தனையோ முறை ஒட்டியிருக்கிறேன். எட்டு நாள் முன்புதான் எனக்குப் புதிதாக ஒரு மேக் வந்திருந்தது. பழையதைத் துடைத்துப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் கொடுத்தாயிற்று. மேக்கில் டெம்ப்பைக் காலி செய்தது அன்றுதான் முதல் முறை. பென் டிரைவில் ஒரு நகல் இருந்தது. ஆனால் அது லேப்டாப் மாற்றிய நாளோடு நின்றுவிட்ட நகல். எட்டு நாள் வேலையை மறுபடி செய்தேன். அந்தக் கணக்கர் அதே கேள்விகளுக்கு மறுபடியும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

நடந்தது என்ன என்று சொல்கிறேன். நாம் அடிக்கும் கமாண்டைப் படித்து ஓட்டும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். லினக்ஸில் பெரும்பாலும் நாம் பேசிக்கொண்டிருப்பது பாஷ் ஷெல்லோடு. ஒரு சொல்லின் தொடக்கத்தில் ஹாஷ் வந்தால், அங்கிருந்து வரி முடியும்வரை பாஷ் கண்ணை மூடிக்கொள்ளும். கமாண்டுகளை எழுதிவைத்த ஃபைலான ஸ்க்ரிப்டுக்குள் இருந்தாலும் சரி, டெர்மினலில் கமாண்டுக்காகக் காத்திருக்கும் ப்ராம்ப்டில் நாம் கையால் அடித்தாலும் சரி, ஒரே விதி. மேக்கில் 2019 அக்டோபரில் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து புதுக் கணக்குகளுக்கு இசட்ஷெல்தான் வழக்கமான ஷெல். இசட்ஷெல்லும் ஸ்க்ரிப்டுக்குள் ஹாஷைக் கமெண்ட், அதாவது ஓட்டாமல் விட்டுவிட வேண்டிய குறிப்பு, என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆனால் ப்ராம்ப்டில் அடிக்கும்போது அப்படி எடுத்துக்கொள்ளாது. அங்கே ஹாஷ் ஒரு சாதாரணச் சொல், அதற்குப் பின்னால் வருவதும் சாதாரணச் சொற்கள். என் எச்சரிக்கையில் இருந்த ஒவ்வொரு சொல்லும் ஆர்எம் கமாண்டுக்கு ‘இதையும் நீக்கு’ என்று நான் கொடுத்த பெயராகிவிட்டது. தொடாதே என்று எழுதியதால்தான் அது டேட்டாவைத் தொட்டது.

இசட்ஷெல்லின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் கையேட்டில் இந்த விதி தெளிவாக இருக்கிறது, மாற்றிக்கொள்ள வழியும் இருக்கிறது. அந்த எட்டு நாளில் அது என்னிடம் இரண்டு மூன்று முறை சொல்லவும் சொன்னது. கமெண்ட் மட்டும் உள்ள வரிகளை ஒட்டியபோதெல்லாம் ‘ஹாஷ் என்ற கமாண்ட் இல்லை’ என்று ஒரு வரி வந்தது. அது சும்மா முணுமுணுப்பு என்று விட்டுவிட்டேன். போதாததற்கு அந்த நாட்களில் பாதி நேரம், தொலைவில் இருக்கும் மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக, லினக்ஸ் சர்வர்களுக்குள்தான் இருந்தேன். அங்கே ஓடுவது பாஷ், ஹாஷ் அங்கே ஒழுங்காக வேலை செய்தது. ஒரே ஜன்னலில், ஒரே கறுப்புத் திரையில், சர்வருக்குள் ஒரு விதியும் வெளியே வந்தால் வேறொரு விதியும் இருந்திருக்கின்றன.

உங்கள் மெஷினில் எப்படி என்று பார்க்க ஆபத்தில்லாத சோதனை ஒன்று உண்டு. எக்கோ என்று அடித்து, வணக்கம், இடைவெளி, ஹாஷ், இடைவெளி, உலகம் என்று எழுதி என்டர் அடியுங்கள். ‘வணக்கம்’ மட்டும் வந்தால் நீங்கள் பத்திரம். ‘வணக்கம் # உலகம்’ என்று முழுதாக வந்தால், வீட்டு ஃபோல்டரில் இருக்கும் இசட்எஸ்ஹெச்ஆர்சி (.zshrc) ஃபைலைத் திறந்து ஒரு வரி சேர்க்க வேண்டும். செட்ஆப்ட், ஒரு இடைவெளி, இன்டராக்டிவ்கமெண்ட்ஸ் (setopt interactivecomments). அந்தக் கடைசிச் சொல்லின் நடுவே அண்டர்ஸ்கோர் போட்டாலும், எல்லாம் பெரிய எழுத்தாக இருந்தாலும் இசட்ஷெல் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். டெர்மினலை மூடித் திறந்துவிட்டு மறுபடி அந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

எங்கள் அலுவலகத்தில் மேக் வைத்திருந்த வேறு இருவருக்கு இந்தப் பிரச்சினை வரவே இல்லை. அவர்கள் ஓ மை இசட்ஷெல் என்ற, இசட்ஷெல்லுக்கான தயார் அமைப்புத் தொகுப்பைப் போட்டிருந்தார்கள், அது இந்த வரியைத் தானே சேர்த்துவிடுகிறது. ‘எனக்கு ஒழுங்காத்தானே வருது’ என்று அவர்கள் சொன்னபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. காரணம் தெரிய ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.

எனக்கு நேர்ந்ததை விட மோசமாகவும் நேரலாம் என்று பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். காலி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி அதற்குள் வைத்துத்தான் சோதித்தேன். கமெண்ட்டில் கேள்விக்குறி இருந்தால் இசட்ஷெல் அதை ஃபைல் பெயர் தேடும் குறி என்று நினைத்து, பொருத்தம் இல்லை என்று நின்றுவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் ஒற்றை மேற்கோள்குறி இருந்தால், மேற்கோள் முடியவில்லை என்று அடுத்த வரிக்குக் காத்திருக்கும். நிறைய பேர் அங்கே குழம்பிப்போய் மேலும் மேலும் என்டர் அடிப்பார்கள். இந்த இரண்டும் தொந்தரவோடு போய்விடும். அரைப்புள்ளி (;) வந்தால் கதை வேறு. ‘முதலில் இதைப் பார்; மேக் க்ளீன் (make clean)’ என்று கமெண்ட் எழுதியிருந்தால், அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது எர்ரர் கொடுக்கும், பின்னால் இருப்பது உண்மையாகவே ஓடும். பேக்டிக் (`) குறிகளுக்குள் கமாண்ட் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் ஆவணங்களில் அதிகம். கமெண்ட்டில் அப்படி எழுதியிருந்தால் அதுவும் ஓடும்.

எனக்கு உண்மையில் பயம் தந்தது அம்புக்குறி. ‘பழையது -> புதியது’ என்று நாம் எல்லோரும் எழுதுகிறோம். அந்தப் பெரிதுக்குறி ஷெல்லுக்கு ‘இதன் வெளியீட்டை இந்த ஃபைலில் போடு’ என்ற கட்டளை. ஹாஷ் என்ற கமாண்ட் இல்லை என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே ஷெல் அந்த ஃபைலைத் திறந்து காலி செய்துவிடுகிறது. ஒரு கான்ஃபிகரேஷன் ஃபைலின் பெயரை அம்புக்குறிக்குப் பின் எழுதி ஒட்டிப் பார்த்தேன். ‘கமாண்ட் இல்லை’ என்று அதே பழைய முணுமுணுப்புதான் வந்தது. ஃபைல் மட்டும் பூஜ்யம் பைட்டாக இருந்தது. இருக்கிற ஃபைலை மேலெழுத விடாமல் தடுக்கும் நோக்ளாபர் என்ற ஆப்ஷனை அன்றிலிருந்து போட்டுவைத்திருக்கிறேன்.

கமெண்ட் என்ற ஒன்றுக்கு ஷெல்லில் இடம் கிடைத்ததே படிப்படியாகத்தான். யூனிக்ஸின் முதல் ஷெல்லைக் கென் தாம்ப்சன் 1971இல் எழுதினார். அதில் ஒரு வரி முக்காற்புள்ளியோடு (:) தொடங்கினால் அது, வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் கோட்டூ என்ற கமாண்ட் தாவி வருவதற்கான அடையாளம். தாவல் இல்லாதபோது அந்த வரி ஒன்றும் செய்யாது, அதனால் குறிப்பு எழுத அதையே மக்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லிலும் முக்காற்புள்ளி ஒரு கமாண்டாகத் தொடர்ந்தது. இன்றைய பாஷிலும் இருக்கிறது, ஒன்றுமே செய்யாத கமாண்டாக. ஆனால் முக்காற்புள்ளிக்குப் பின் எழுதுவதை ஷெல் படிக்கத்தான் செய்யும், மாறிகளை விரிக்கும், அம்புக்குறி இருந்தால் ஃபைலைக் காலி செய்யும். அது முழுக் கமெண்ட் இல்லை. பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லில் ஹாஷ் கமெண்ட் ஆனது, ஆனால் ஸ்க்ரிப்டுக்குள் மட்டும். விசைப்பலகையிலிருந்து வரும் வரியில் அது கமெண்ட் இல்லை. பால் ஃபால்ஸ்டாட் 1990இல் பிரின்ஸ்டனில் எழுதிய இசட்ஷெல் நடந்துகொள்வதும் அதே மாதிரிதான். 1989இல் வந்த பாஷில், ப்ராம்ப்டிலும் ஹாஷைக் கமெண்ட்டாக எடுக்கும் ஆப்ஷன் இன்று தானாகவே திறந்திருக்கிறது. ஃபிஷ் ஷெல்லிலும் விண்டோஸின் பவர்ஷெல்லிலும் ப்ராம்ப்டில் ஹாஷ் போட்டால் கமெண்ட்தான்.

சரி, ஸ்க்ரிப்டில் கமெண்ட் வேண்டும் என்பது யாருக்கும் புரியும். அடித்தவுடன் ஓடி மறைந்துவிடும் ப்ராம்ப்டில் கமெண்ட் எதற்கு? இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், 2014இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் அண்ணா. ஒரு ராத்திரி ஒரு வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டது. அண்ணா போனில், நான் விசைப்பலகையில். பழைய பேக்கப்புகளை நீக்க வேண்டும். நான் ஆர்எம் என்று தொடங்கியதுமே அவருக்குக் கீபோர்டு சத்தத்திலேயே தெரிந்துவிட்டது போல.

“இரும்மா, இரும்மா. முதல்ல ஹாஷ் போடு. அப்புறம் டைப் பண்ணு.”

“எதுக்குண்ணா?”

“நீ பாதில இருக்கும்போது கை தவறி என்டர் பட்டா என்ன ஆகும்?”

நான் பேசவில்லை. அடித்திருந்தது ஆர்எம், ஆப்ஷன், அப்புறம் ஃபோல்டர் பாதையின் முதல் பாதி. அந்தப் பாதி மட்டும் போயிருந்தால் பேக்கப்புகளோடு டேட்டாபேஸும் போயிருக்கும்.

அன்றிலிருந்து இன்றுவரை சர்வரில் நீக்குவதோ நிறுத்துவதோ எதுவானாலும் முதல் எழுத்து ஹாஷ்தான். ஹாஷ், இடைவெளி, பிறகு கமாண்டை முழுக்க அடிப்பேன். என்டர். ஒன்றும் நடக்காது. திரையில் அது அப்படியே நிற்கும். இப்போது அதை நிதானமாகப் படிக்கலாம், போனில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டலாம். பாதை சரியா, எந்த சர்வரில் இருக்கிறோம், ஸ்டாருக்கு முன்னால் தவறி ஒரு இடைவெளி விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். சரி என்று தோன்றினால் மேல் அம்பு, கன்ட்ரோல் ஏ, ஹாஷை அழி, என்டர். ஐந்து வினாடி கூடுதலாக ஆகும்.

அடித்து முடித்த பிறகு மனம் மாறினாலும் வழி இருக்கிறது. நீளமான ஒரு கமாண்டை முக்கால்வாசி அடித்துவிட்டீர்கள், அப்போதுதான் இன்னொன்றை முதலில் சரிபார்க்க வேண்டும் என்று ஞாபகம் வருகிறது. கன்ட்ரோல் சி அடித்தால் அடித்தது அத்தனையும் வீண். பாஷில் ஆல்ட்டும் ஹாஷும் சேர்த்து அழுத்தினால் வரியின் தொடக்கத்தில் தானாக ஹாஷ் விழுந்து, வரி கமெண்ட்டாக, அடித்த கமாண்டுகளை ஷெல் சேர்த்துவைக்கும் ஹிஸ்டரிக்குள் போய்விடும். சரிபார்த்துவிட்டு வந்து மேல் அம்பில் எடுத்துக்கொள்ளலாம். மேக்கின் டெர்மினலில் ஆப்ஷன் விசையை மெட்டாவாக மாற்றிக்கொண்டால் இது வரும், இல்லாவிட்டால் எஸ்கேப்பை ஒரு முறை தட்டிவிட்டு ஹாஷ். இசட்ஷெல்லிலும் இதே வேலைக்குப் பவுண்ட்-இன்செர்ட் என்று ஒன்று இருக்கிறது. நாம் ஹாஷ் என்பதை அமெரிக்கர்கள் பவுண்ட் என்பார்கள். விஐ எடிட்டரின் விசைகளை ஷெல்லிலும் பயன்படுத்தும் விஐ முறையில் இருப்பவர்களுக்கு அது ஹாஷ் விசையிலேயே கிடைக்கும், மற்றவர்கள் தாங்களே ஒரு விசையோடு இணைத்துக்கொள்ள வேண்டும். அப்போதும் அந்த செட்ஆப்ட் வரி இருந்தால்தான் பயன்.

அப்புறம், ஹிஸ்டரி. கன்ட்ரோல் ஆர் அடித்துப் பழைய கமாண்டைத் தேடுவது தினமும் செய்கிற வேலை. ஒரு சர்வரின் எஸ்எஸ்எல் சான்றிதழ் எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று பார்க்கும் கமாண்ட் ஒரு முழ நீளம். ஓப்பன்எஸ்எஸ்எல்லை இரண்டு தடவை கூப்பிட்டு நடுவில் பைப் போட வேண்டும். அதில் இருக்கிற எந்தச் சொல்லும் எனக்கு ஞாபகம் வராது. முடிவில் ஹாஷ் போட்டு ‘சான்றுதேதி’ என்று எழுதிவைத்தேன். இப்போது கன்ட்ரோல் ஆர், ‘சான்று’ என்ற அளவு அடித்தாலே வந்து நிற்கிறது. ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கமாண்டுகளின் முடிவில் ‘மூலத்தில் கடைசி ஸ்லாஷ் இருந்தால் உள்ளே இருப்பது மட்டும் போகும்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இதை நான் எத்தனை முறை மறந்திருக்கிறேன் என்பதற்கு அந்த ஹிஸ்டரியே சாட்சி. பவர்ஷெல் பயன்படுத்தும் நண்பர் ஒருவர் சொல்லி ஒன்று தெரிந்தது. அங்கே ஹாஷ் போட்டு, பழைய கமாண்டில் இருந்த ஒரு சொல்லை அடித்து, டேப் தட்டினால் ஹிஸ்டரியிலிருந்து அந்தக் கமாண்டே வந்து விழுகிறது.

ஹாஷுக்குப் பின் கட்டாயம் ஒரு இடைவெளி விடுங்கள், குறிப்பாக எண்ணில் தொடங்கும் கமெண்ட்டுக்கு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பாஷ் தன் ஹிஸ்டரி ஃபைலில் நேரத்தைக் குறித்துவைக்கும்போது, ஒவ்வொரு கமாண்டுக்கும் மேல் ஒரு ஹாஷும் ஒட்டினாற்போல ஒரு பத்து இலக்க எண்ணும் எழுதும். 1970 ஜனவரி 1லிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்ற கணக்கு அது. திரும்பப் படிக்கும்போது ஹாஷை ஒட்டி எண் இருக்கிற எந்த வரியையும் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். ‘#3வது டிஸ்க் மாற்றியாயிற்று’ என்று எழுதியிருந்தேன், மறுநாள் ஹிஸ்டரியில் அந்த வரியே இல்லை. நடுவில் ஒரு இடைவெளி விட்டிருந்தால் இருந்திருக்கும். இசட்ஷெல் நேரத்தோடு ஹிஸ்டரி எழுதினால் வரி முக்காற்புள்ளியில் தொடங்கும். தாம்ப்சன் காலத்து அந்தப் புள்ளிகளை அங்கே பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

பின்சாய்வுக்கோடு போட்டு அடுத்த வரிக்கு நீட்டும் கமாண்டுகளில் கவனம். கோட்டுக்குப் பின் இடைவெளி விட்டுக் கமெண்ட் எழுதினால் அந்தக் கோடு இடைவெளியைத்தான் காக்கும், வரி அங்கேயே முடிந்துவிடும், மீதி ஆப்ஷன்கள் தனிக் கமாண்டாகத் தெறிக்கும். டாக்கர் கமாண்டுகளை ஒட்டும்போது இது அடிக்கடி நடக்கிறது. பைப் குறியில் வரி முடிந்தால் அங்கே கமெண்ட் எழுதலாம், தொந்தரவில்லை. இணைய முகவரிகளின் நடுவில் வரும் ஹாஷைப் பற்றிக் கவலை வேண்டாம், சொல்லின் தொடக்கத்தில் வந்தால்தான் அது கமெண்ட். கமெண்ட்டில் பாஸ்வேர்டு எழுதாதீர்கள். ஹிஸ்டரி ஃபைல் வெறும் உரை, அதைப் படிக்க முடிந்தவர்கள் எல்லோரும் படிப்பார்கள்.

கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது நாங்கள் டீமக்ஸில் ஒரே அமர்வுக்குள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்காருவோம். ஒருவர் அடிப்பது மற்றவருக்கும் தெரியும். என் வீட்டில் மழை பெய்தால் போன் சிக்னல் போய்விடும், டெர்மினல் மட்டும் எப்படியோ நிற்கும். அப்போது ப்ராம்ப்டிலேயே பேசிக்கொண்டோம். ‘# அக்கா, இப்போ ரெப்ளிகாவை நிறுத்தட்டுமா’ என்று அவன் அடிப்பான், அந்தப் பழைய லேப்டாப்பை வாங்கிய பையன்தான். ‘# வேண்டாம், லாக் 2 நிமிஷம் பார்’ என்று நான் அடிப்பேன். மறுநாள் என்ன நடந்தது என்று அறிக்கை எழுதும்போது நான் எதையும் ஞாபகத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கவில்லை. என்ன கமாண்ட், எந்த நேரம், எதை நினைத்து அடித்தோம் என்று எல்லாம் வரிசையாக இருந்தது. கமாண்ட் மட்டும் இருக்கிற ஹிஸ்டரியில் ‘எதை நினைத்து’ என்பது இருக்காது.

தமிழ் எழுத்திலேயே கமெண்ட் எழுத முடியுமா என்றால், முடியும். ஷெல்லுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. நான் பயன்படுத்திய டெர்மினல்களில் பலவற்றில் எழுத்துகள்தான் உடைந்து தெரிந்தன. கொம்பும் காலும் அதனதன் எழுத்தை விட்டு விலகி நிற்கும், கர்சர் ஒரு இடத்தில் இருப்பதாகக் காட்டிவிட்டு வேறிடத்தில் அழிக்கும். அழிக்கிற கமாண்டின் பக்கத்தில் கர்சர் பொய் சொல்வது நல்லதில்லை. அதோடு கன்ட்ரோல் ஆரில் தேட வேண்டுமானால் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்ற வேண்டும். அதனால் ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடிக்கிறேன். ஆனால் தமிழில்தான் எழுதுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு நானே சொல்லிக்கொள்வது வேறு மொழியில் வருவதில்லை.

என் குறிப்பு ஃபைலில் அந்த வரியை மாற்றிவிட்டேன். இப்போது எச்சரிக்கை முந்தைய வரியில் தனியாக இருக்கிறது, கமாண்ட் இருக்கும் வரியில் கமாண்ட் மட்டும். நீக்குகிற கமாண்டின் பின்னால் மட்டும் எந்தச் சொல்லும் எழுதுவதில்லை, செட்ஆப்ட் வரி இருக்கிற மெஷினிலும்கூட. நாளைக்கு அதை யார் எந்த மெஷினில் ஒட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் அந்த எக்கோ சோதனையைச் செய்யச் சொல்கிறேன்.

அண்ணா 2018இல் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். தென்னந்தோப்பு பார்த்துக்கொள்கிறார். போன வருடம் அவர் அமைத்த பழைய சர்வர் ஒன்றை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்துவதற்கு முன் நிர்வாகிக் கணக்கான ரூட்டின் ஹிஸ்டரி ஃபைலை ஒரு நகல் எடுத்துத் திறந்தேன். பாஷ் வழக்கமாக 500 வரிதான் வைத்துக்கொள்ளும், அவர் அதை மிகப் பெரிதாக்கி வைத்திருந்தார். நேரத்தைக் காட்டும் ஹாஷ் வரிகளுக்கு நடுவே அவருடைய ஹாஷ் வரிகள் கலந்து கிடந்தன. ஹாஷை ஒட்டி எண் இருந்தால் நேரம், இடைவெளி இருந்தால் அண்ணா. ‘# பழைய டிஸ்க், நம்பாதே’ என்று ஒன்று. ‘# இதை நான் செய்யவில்லை, வந்து பார்க்கும்போது இப்படித்தான் இருந்தது’ என்று ஒன்று. ஒரு நீளமான கமாண்ட் ஹாஷோடு மூன்று முறை வந்திருந்தது, ஒவ்வொரு முறையும் பாதை கொஞ்சம் திருத்தப்பட்டு, நான்காவது முறை ஹாஷ் இல்லாமல்.

அதற்கு எட்டு வரி கீழே, அந்த ராத்திரியின் கடைசி வரி. மேலே இருந்த பத்து இலக்க எண்ணைத் தேதியாக மாற்றிப் பார்த்தேன், அதிகாலை 3:10. அதில் வரும் டிஎஃப், டிஸ்க்கில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் கமாண்ட்.

‘# போதும். மீதி காலையில். வந்ததும் முதலில் டிஎஃப் அடித்துப் பார்.’